ரெண்டு பேர் வேணும்

மனைவி தங்கத்தின் கைப்பைக்குள் முத்துகிருஷ்ணன் கைவிட்டுத் துழாவுவது இதுதான் முதல் தடவை. மயானத்தில் அவளுடைய ஆதார் அட்டை கேட்பார்களாம். தைலக் குப்பி, பஸ் சீட்டுகள், பாதி கடித்த கடலை மிட்டாய், பச்சை நாடா கட்டிய ஒரு சாவி. அட்டை அகப்படுவதற்குள் பையிலிருந்த அவள் போன் அடித்தது. 'கீர்த்தி லேப்' என்றிருந்தது.

"சார்..." என்றாள் அந்தப் பெண்.

"சொல்லும்மா."

"இந்த நேரத்துல கேக்கவே கூடாது சார். அக்கா விஷயம் தெரிஞ்சதும் உங்க வீட்டுக்குத்தான் கெளம்பினேன். அதுக்குள்ள போன்ல டேங்க் அலாரம் அடிக்குது. நைட்ரஜன் எறங்கிடுச்சு. ரூம் சாவி அக்காகிட்ட இருக்கு. இன்னொரு சாவி டைரக்டர்கிட்ட, அவர் ஊர்ல இல்ல."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"மத்தியானம் வரைக்கும் தாங்குமான்னு தெரியல சார்."

முத்துகிருஷ்ணன் பச்சை நாடாச் சாவியைப் பார்த்தார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில், மூச்சு இரைக்க இரைக்க, தங்கம் சொன்னது இதைத்தான். "கீர்த்திக்கு ஒரு போன் போட்டு டேங்க்கப் பாக்கச் சொல்லுங்க. நான் போய் பத்து நாளாவுது." சரி, சொல்றேன் என்றார். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. மூக்கில் குழாயோடு கிடப்பவளுக்கு இன்னமும் அந்த நினைப்பா என்ற கோபம். போனை வாங்கி அணைத்துவைத்ததும் அவர்தான். இன்று விடியற்காலையில் அவள் போன பிறகு, உறவுக்காரர்களுக்குச் சொல்வதற்காகத்தான் அதை மறுபடி திறந்தார்.

பத்தொன்பது வருஷத்துக் கோபம் அது. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கத்துக்கு உதவியாளர் வேலை. மரமஞ்சள் மாதிரி காட்டில் அருகிப்போன மருந்துச் செடிகளின் குருத்தைக் குண்டூசித் தலை அளவுக்குக் கிள்ளி, திரவ நைட்ரஜன் தொட்டியின் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாப்பார்கள். நைட்ரஜன் குறைந்தால் அத்தனையும் செத்துப்போகும்; அது குறையாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பொங்கலன்று போயிருக்கிறாள். மகன் ஹரியின் நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மயிலாப்பூரில் தையல்கடை வைத்திருக்கும் முத்துகிருஷ்ணன், ஸ்கூட்டரில் கொண்டுபோய் கேட்டில் இறக்கிவிடுவதோடு சரி. "மரமஞ்சளா? நாட்டு மருந்துக் கடையில மூட்ட மூட்டயா கெடக்குதே" என்று ஒருதரம் கேட்டார். "கடையிலதாங்க கெடக்குது" என்றாள் அவள்.

சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஃப்ரீசர் பாக்ஸின் கண்ணாடிக்குக் கீழே தங்கம் படுத்திருந்தாள். கண்ணாடியில் படிந்த ஈரத்தை அவருடைய அக்கா ஸ்வர்ணலதா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"அவ ஆபீஸ் வரைக்கும்க்கா."

"பொணம் வீட்ல கெடக்குது. கட்டின புருஷன் வாசப்படி தாண்டலாமா? சாவிதானே, யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு."

நியாயமான பேச்சுதான். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார ஆண்டனி கையைக்கூட நீட்டிவிட்டார். முத்துகிருஷ்ணனால் கொடுக்க முடியவில்லை.

"ஹரி வர ரெண்டு மணி ஆவும்க்கா. அதுக்குள்ள வந்துடறேன்."

ஸ்வர்ணலதா தம்பியின் முகத்தையே பார்த்தாள். பிறகு தங்கத்தின் தலைமாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏறு நைனா. சண்டேதானே, ரோடு காலியாதான் கீது" என்றார் ஆண்டனி.

கீர்த்தி கேட்டிலேயே நின்றிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது.

"சாவிய மட்டும் குடுத்துட்டு நீங்க கெளம்புங்க சார்."

"தனியாவா ரொப்புவ?"

அவள் தயங்கினாள். "தனியா உள்ள போகக் கூடாது. ஆவி ரூம்ல நெறஞ்சா மூச்சு அடைச்சிரும். ரெண்டு பேர் வேணும். வாட்ச்மேனக் கூப்ட்டுக்கறேன்."

"நான் நிக்கறேன்மா."

அறை சின்னதுதான். இடுப்பளவு உயரத்தில் ஓர் எஃகுத் தொட்டி. மூலையில் சக்கரம் வைத்த பெரிய கலன். அவள் சொன்னபடி அதைத் தள்ளிக்கொடுத்தார். தடித்த நீலக் கையுறை மாட்டிக்கொண்டு அவள் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினாள். மூடியைச் சுற்றி வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்தது. வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாய்ந்தால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேலை.

நிரம்பியதும் ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தாள். பனி படிந்த இடம் வரை விரலால் அளந்தாள்.

"நல்லவேளை சார். ரொப்பறதுக்கு முன்ன அளந்தப்ப நாலு விரக்கடதான் மிச்சம் இருந்துச்சு."

"புதன்கெழமையே சொன்னாம்மா, உனக்குப் போன் போடச் சொல்லி. நாந்தான் போடல."

கீர்த்தி குச்சியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்து மாட்டினாள்.

"உள்ள இருக்கறதெல்லாம் உயிரோடதான் இருக்கா?"

"அது பாத்தா தெரியாது சார். வெளிய எடுத்து, சூடு காட்டி, வளத்தாத்தான் தெரியும். போன மாசம் அக்கா பத்து எடுத்து வெச்சாங்க. மூணு தளிர்த்துச்சு."

"மூணுதானா?"

"மூணு வந்ததுக்கு எங்க எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாங்க."

வீட்டில் அதைப் பற்றித் தங்கம் பேசியதில்லை. அவர் கேட்டதுமில்லை.

புகை அடங்கி, கால்மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்துவிட்டுத்தான் பூட்ட வேண்டுமாம். அதுவரை உட்காரச் சொல்லி, மேஜையருகே இருந்த நாற்காலியைக் காட்டினாள். தங்கத்தின் நாற்காலி. அவளுடைய உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தது. உட்கார்ந்ததும் முத்துகிருஷ்ணனின் முழங்கால்கள் நெஞ்சு வரை ஏறிக்கொண்டன.

"பக்கத்துல ஒரு பிடி இருக்கு சார். இழுத்தா ஏறும்."

"இருக்கட்டும்மா" என்றார்.

முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.