கைதட்டலுக்கு அடியில்

…படம் பார்க்க வந்தார்களா, பரீட்சை எழுத வந்தார்களா இந்தப் பிள்ளைகள், ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சத்தமில்லை, ஒடெல் பிக்கன்ஸ் இருக்கையில் நெளிந்தார், திரையில் ஹாலிஸ் தோல் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு நாற்பத்தேழாம் தெருவில் இறங்கி நடக்கிறான், அந்த நடைக்கே அந்தக் காலத்தில் கொட்டகை இரண்டாகும், இங்கே சிகாகோ நகரின் நடுவில் அருங்காட்சியக அரங்கத்தில் ஒரு பையன் ஹாலிஸின் கிருதாவைப் பார்த்து மூக்கால் சிரிக்கிறான்… சிரிக்கட்டும். சிரிப்பதற்கா ஐம்பது வருஷம் காணாமல் கிடந்த படத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள்? மறுமதிப்பீடு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது, போதை வியாபாரியும் போலீசும் கூட்டுச் சேர்ந்த நகரத்தில் ஒரு சமூகத்தின் குரல் என்று வேறு. கெண்ட்ரா, கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண், போனில் தேன் ஒழுகப் பேசினாள், "அப்பவே கொட்டகைல பாத்தவங்க ஒருத்தராவது பேசணும் மிஸ்டர் பிக்கன்ஸ், நீங்க வந்தே ஆகணும்." வராமல்? மனைவி வெர்னிடாவோடு அவருக்கு ஒரு வழக்கு பாக்கி இருந்தது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், வழக்கு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வழக்கு அது. "அந்தப் படம்தான் உங்க எல்லாரையும் கெடுத்துச்சு ஒடெல், ஒருத்தனுக்கும் வீட்ல உக்காந்து பேசத் தெரியல," என்பாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. தலை நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தானே என்பார் இவர். பொய்யா? அதுவரைக்கும் திரையில் கறுப்பு ஆள் என்றால் படம் பாதி ஓடுவதற்குள் செத்துப்போவான், யாருக்காவது கார் ஓட்டிவிட்டோ, யாரையாவது காப்பாற்றிவிட்டோ. ஹாலிஸ் சாகவில்லை. நம் தெருப் பிள்ளைகளுக்கு ஊசி விற்றவனை அடித்துத் துரத்தினான், மாமூல் வாங்கிய போலீஸ்காரனை நடுத்தெருவில் மண்டியிட வைத்தான், கடைசியில் உயிரோடு நடந்து போனான். பாதிரியார் கொட்டகை வாசலில் பலகை பிடித்து நின்றார், துப்பாக்கி, அம்மணம், போதைப் பவுடர், ஆபாசம் என்று… அந்த மனுஷன் படத்தையே பார்க்கவில்லை, அது தனிக் கூத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட வெர்னிடா விடவில்லை. "உன் ஹாலிஸ் வந்து எனக்கு சூப்பு ஊட்டுவானா?" என்றாள். "வந்தான்னா டாக்டரையெல்லாம் அடிச்சுத் துரத்துவான்டி," என்று சிரித்துவிட்டு இவர் நடைகூடத்துக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றார், முகம் சரியாகும்வரை. அவள் எதிரில் எப்படி அழுவது? இன்றைக்கு மைக்கைக் கையில் கொடுப்பார்கள், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட வேண்டும், அந்தப் படம் எங்களைக் காப்பாற்றியது, நான்தான் சரி. அதைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்… வீட்டுக்குப் போய்?

ஹாலிஸ் மாடிப்படி ஏறுகிறான். கதவுக்குப் பின்னால் ஆள், இது தெரியாதா, தெருவில் எவனைக் கேட்டாலும் சொல்வான், அப்போது பால்கனியே எழுந்து நின்று கத்தும், நண்பன் பீச்சஸ் கையைக் குழலாக்கி, "டேய் ராசா, கதவுக்குப் பின்னாடிடா! குருட்டுப் பயலே!" என்பான், கீழேயிருந்து ஒரு பெரியம்மா, "அந்த மாடிக்காரி கண்ணீர நம்பாத, அவளும் கூட்டுதான்!" என்று சாபம் கொடுப்பாள், ஹாலிஸ் திரும்பிப் பார்ப்பான், நாங்கள் சொல்லித்தான் பிழைத்தான் என்று எல்லோருக்கும் ஒரு திருப்தி. படமா அது, ஊர்க்கூட்டம். இந்த அரங்கத்தில் யாரும் அவனுக்குச் சொல்லப்போவதில்லையா? ஒற்றை ஆளாகவா அவனை உள்ளே அனுப்புவார்கள்… "டேய், பின்னாடி பாரு!" சத்தம் தன்னுடையது என்று ஒடெலுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. வரிசையாகத் தலைகள் திரும்பின. முன்னால் இருந்த பெண், "உஷ்… கொஞ்சம் அமைதியா பாருங்க சார்," என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள், அந்த மரியாதைதான் சுட்டது. காது மடல் வரை சூடேறியது அவருக்கு. பீச்சஸ் இல்லை, பெரியம்மா இல்லை, அந்தப் பால்கனியில் இருந்தவர்களில் இப்போது யார்தான் இருக்கிறார்கள்? தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

துப்பாக்கி வெடித்தது. வியாபாரி படிகளில் உருண்டான். இந்த இடத்தில் கொட்டகை கூரை பிய்ந்துபோகும், நாற்காலி மேல் ஏறுவார்கள், சோளப்பொரி பறக்கும், யாரோ யாரையோ கட்டிப்பிடிப்பார்கள், படம் முடிந்து விளக்கு எரியும்வரை அந்த இரைச்சல் ஓயாது. இத்தனை தடவை பார்த்தும் அதற்குப் பிறகு வருகிற காட்சி அவருக்கு வெறும் வாயசைப்புத்தான், ஹாலிஸின் காதலி லொரெயின் அடுப்படியில் நிற்பாள், ஹாலிஸ் கோட்டைச் சரிசெய்வான், போவான். இன்றைக்கு ஒருத்தரும் கைதட்டவில்லை. அடுப்பில் காராமணி கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது. லொரெயின் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள், "எல்லாரையும் துரத்திட்ட ஹாலிஸ். இனிமே யார்கூட உக்காந்து சாப்பிடுவ?" ஹாலிஸ் கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தான், அதே நடை… இதை எப்போது சொன்னாள்? எப்போதுமே சொல்லிக்கொண்டிருந்தாளா? ஊர் முழுக்க எழுந்து நின்று ஆர்ப்பரித்த அந்த நிமிஷத்துக்கு அடியிலா யாரோ இதை எழுதி வைத்தார்கள், பாதிரியாருக்கும் தெரியாமல், எங்களுக்கும் தெரியாமல்? ஒடெல் இப்போதெல்லாம் சட்டியோடு நின்றபடியேதான் சாப்பிடுகிறார், மேசையில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். தொப்பியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அழுகைதான், வேறென்ன.

விளக்குகள் எரிந்தன. இப்போது கைதட்டினார்கள், அளவாக, நாகரிகமாக. கெண்ட்ரா மேடையிலிருந்து எதை எதையோ சொன்னாள், தனிமனிதச் சாகசத்தின் மீதான விமர்சனம் என்றாள், அது அவளுக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது, பிறகு இறங்கி வந்து மைக்கை அவர் கையில் வைத்தாள். "சொல்லுங்க மிஸ்டர் பிக்கன்ஸ். அன்னைக்குப் பாத்தப்ப எப்படி இருந்துச்சு?" ஒடெல் எழுந்தார். சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது, காப்பாற்றியது, தலை நிமிர… அன்றைக்கு? அன்றைக்குப் பனி கொட்டியது, கொட்டகையிலிருந்து எல்லோரும் கத்திக்கொண்டே தெருவில் இறங்கினோம், வெர்னிடா மட்டும் பேசாமல் வந்தாள், பேருந்து நிறுத்தத்தில் நின்று, "கடைசில அடுப்படில அந்தப் பொண்ணு என்னவோ சொன்னாளே, உன் காதுல விழுந்துச்சா?" என்றாள். "அவ என்ன சொன்னா என்ன வெர்னி, ஹாலிஸ் சுட்டதப் பாத்தியா!" அவ்வளவுதான் அவர் பதில். எவ்வளவு சுலபமாகச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் விசாரித்தாளா? ஓரறை தள்ளிக் குழந்தை புரண்டு படுத்தாலும் விழித்துக்கொள்கிற காது அது… பக்கத்து இருக்கையில் கத்தாமல், கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எட்டாமலா போயிருக்கும்? "மிஸ்டர் பிக்கன்ஸ்?" என்றாள் கெண்ட்ரா மெதுவாக. எல்லோரும் காத்திருந்தார்கள், மறுபடியும் அந்த நிசப்தம். அப்படியானால் இவன் காதில் எதுவும் விழவில்லை என்று தெரிந்த பிறகுதானா, அந்தப் பனியில், விறைத்துப்போன அவர் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்…