பீப்பாய்ப் பலகையில் ஒரு முதுகு

தனுஜாவுக்கு ஒரு வேலையில் கை நிற்காது. மலேசியாவில் ஈஜோக் பக்கத்துப் பள்ளிச் சுவர்களில் யானையும் புலியும் வரைந்தவள் அவள்தான். கோவில் வாகனத்துக்கு வர்ணம் பூசுவாள், கல்யாண மேடைக்கு மயில் செதுக்குவாள், ஆள் கிடைக்காவிட்டால் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங்கும் வைப்பாள். ஒன்று காய்வதற்குள் அடுத்ததில் இறங்கியிருப்பாள்.

கோலா சிலாங்கூர் ஆற்றோரம் புதிதாக உணவகம் திறக்கவிருந்த தனேஷ், ஒருநாள் லோரியில் ஒயின் பீப்பாய் ஒன்றை ஏற்றி அனுப்பினான். "அக்கா, இதுல ஒரு கழுகு செஞ்சி குடுங்க. ஆத்துக்கு வர்றவங்க கழுகு பாக்கத்தானே வர்றாங்க? பதினாறாம் தேதி ஓப்பனிங் லா" என்று போனில் சொன்னான்.

பத்து நாள் ஓடியது. கழுகு வரவில்லை. வரைந்த தாள்களைக் கிழித்தாள். பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புளித்த திராட்சை வாடை சமையலறை வரைக்கும் அவளைத் துரத்தியது. இரண்டு தடவை சோறு அடிப்பிடித்தது.

பதினொன்றாம் நாள், இறக்கைக்கு ஒரே ஒரு பலகையை உருவலாம் என்று இரும்பு வளையங்களைத் தட்டிக் கழற்றினாள். கடைசி வளையம் நழுவியதும் பீப்பாய் மொத்தமும் மலர்ந்து, தடதடவென்று சிமெண்டுத் தரையில் சரிந்தது. உள்ளே ஆணியும் இல்லை, பசையும் இல்லை. திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் கணவன் சுகுமாறன் தோட்டத்திலிருந்து வந்தான். பதினைந்து வருடமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லோரியில் தூக்கிப் போடுகிறவன். குனிந்து பலகைகளைப் பொறுக்கினான். வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

தனுஜா கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அவன் முதுகைப் பார்த்தாள்.

"அசையாதீங்க!"

"என்னா, பாம்பா?" அவன் அப்படியே உறைந்தான்.

"பாம்பெல்லாம் இல்ல. குனிஞ்சே இருங்க."

"இடுப்பு வலிக்குது தனுஜா, விளையாடாத."

மூன்று நாள் அவள் வேறெதையும் தொடவில்லை. பலகைகளை அறுத்து, இழைத்து, வளையங்களை விலா எலும்புகளாக வளைத்துப் பற்றவைத்தாள். மது ஊறிச் சிவந்த உட்பக்கம் வெளியே தெரியும்படி தோள்களைப் பொருத்தினாள். குலை தூக்கக் குனிந்த ஒரு மனிதன் முற்றத்தில் நின்றான்.

பதினான்காம் தேதி தனேஷ் வந்தான். சிலையைச் சுற்றி நடந்தான்.

"அக்கா... கழுகு எங்க?"

"வரல."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத வாசல்ல வெச்சா, சாப்பிட வர்றவங்களுக்குத் தொண்டையில எறங்குமா? இன்னும் ரெண்டே நாளு லா!"

அவளுக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. "உள்சுவரு காலியாத்தானே கெடக்கு? கழுக அங்க வரஞ்சி தர்றேன். கூலி வேணாம். பீப்பா எனக்கு இருக்கட்டும்."

சொன்னபடி இரண்டு நாளில் வரைந்தாள். திறப்பு விழாவில் கழுகோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையே நின்றது. தனுஜாவுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

வீட்டு முற்றத்தில் சுகுமாறன் சிலைக்குப் பின்னால் நின்றிருந்தான். அதுவரை அவன் அதை நேராகப் பார்த்ததில்லை. ஒரு கை அவன் இடுப்பில் இருந்தது.

"நான் இவ்வளவு வளைஞ்சிட்டேனா?"

கலைக்காகக் கொஞ்சம் கூட்டிச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. "பலகை இன்னும் நிமிந்துதான் இருந்திச்சி. உங்களாட்டம் வரணும்னு நான்தான் சரிச்சி அறுத்தேன்" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தான். நாலு வருடமாகக் கிளினிக்குப் போகலாம் என்றாலே தைலத்தை எடுத்து நீட்டுகிறவன், திங்கட்கிழமை தானாகவே லீவு போட்டான். முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இனி பாரம் தூக்கினால் கால் விளங்காமல் போகலாம் என்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முணுமுணுத்தாலும் அடுத்த மாதமே அவனை டிராக்டர் ஓட்ட மாற்றினார்.

சிலை முற்றத்திலேயே நிற்கிறது. இடது தோள் சரியில்லை என்று தனுஜா அதை இப்போது மூன்றாவது தடவையாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.