மேல் ஓரத்துக் கட்டைவிரல்

...என்னுடையதாகத்தான் இருக்கும், வேறு யாருடையதாக இருக்கப்போகிறது, என் கித்தான், என் அறை, என் வண்ணம், ஈரம் காயாத இடத்தில் நானே தெரியாமல் கையை வைத்திருப்பேன், இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது, "எடுத்துடுங்க சார்" என்று சொன்னால் ஒரு நிமிட வேலை, மவுஸை நாலு இழுப்பு இழுத்தால் போயே போய்விடும்... ஆனால் வாய் வரவில்லை, கண் திரையை விட்டு நகரமாட்டேன் என்கிறது. பிரிண்ட் கடைக்காரர் என் படிக்கட்டு ஓவியத்தை ஸ்கேன் பண்ணி அதன் மேல் மூலையை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், வெளிச்சம் படாமல் இருக்கத் திரைக்கு மூன்று பக்கமும் கறுப்பு அட்டை, அதற்குள் நானும் அவரும் தலையை நுழைத்துக்கொண்டு. படியின் உச்சியில் வெளிச்சம் சுவரில் கரைகிற இடம், அங்கே பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை. "மூணு வருஷமா ஹால்ல மாட்டி வச்சிருந்தேன்னீங்க, பார்த்ததே இல்லியா மேடம்?" இல்லையே. வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள், என்ன வெளிச்சம், என்ன வெளிச்சம் என்று வாயைப் பிளந்தார்கள், ரேகை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

இன்று சாயங்காலம் எங்கள் கடை திறக்கிறது, கடை என்றால் கதவும் பூட்டும் கிடையாது, இணையத்தில் ஒரு பக்கம், "வெறுஞ்சுவர்" என்று பெயர், என் கூட்டாளி வைத்தது. கல்லூரியில் என்னோடு ஓவியம் படித்தவள், அன்று ஒட்டிக்கொண்டவள் இன்றுவரை விடவில்லை, இப்போது தொழிலிலும் பாதிக்குப் பாதி. காலரிக்காரங்க வாசல்ல எத்தனை நாள்டி காத்துக் கிடக்கறது, நம்ம படத்தை நாமே அச்சுப் போட்டு நாமே விப்போம், நல்ல பருத்திக் காகிதத்துல, எண் போட்டு, கையெழுத்துப் போட்டு, என்று ஆரம்பித்தவளும் அவள்தான். பெயருக்கு நாங்கள் போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா, நான் சொன்னதெல்லாம் சோப்புக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறதாம். ஆனால் முதலில் எந்த ஓவியம் என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை, "உன் படிக்கட்டுதான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள், தன் படம் ஒன்றை எடுத்துக் காட்டக்கூட இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, அவள் படம் இரண்டாவதாகப் போகிறதே என்று.

கடைக்காரருக்கு அவசரம், மாதிரிப் பிரதி காய்ந்துவிட்டது, நான் சரி என்றால் மற்றதை ஓட்டிவிடுவார். "எடுத்துடவா, விட்டுடவா, அத மட்டும் சொல்லுங்க மேடம்." இருங்க சார்... யார் விரல் இது? என் வீட்டுக்காரரா, சேச்சே, அவர் என் படங்களுக்கு நாலடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள், எனக்கு இதெல்லாம் புரியாதும்மா, ஆனா நல்லாருக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, ஒட்டடை அடிக்கக்கூடத் தொடமாட்டார். மகளா, அவள் அப்போது வாண்டு, நாற்காலி போட்டு ஏறினாலும் அந்த மூலை எட்டாது, அதோடு இது பெரியவர்கள் விரல் என்கிறார் கடைக்காரர், நிஜ அளவுக்குச் சுருக்கிக் காட்டினார், என் விரல் அளவேதான். மேஜையில் ரப்பர் ஸ்டாம்ப் மைப்பெட்டி இருந்தது, கட்டைவிரலைத் தேய்த்து ஒரு கழிவுத் தாளில் அழுத்தினேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். என்னுடையதில் கோடுகள் நடுவில் சுழி போட்டு நிற்கின்றன. திரையில் இருப்பதில் சுழியே இல்லை, எல்லாம் வில் மாதிரி வளைந்து போகின்றன, அந்த வில்களையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு வழவழப்பான கோடு. "தழும்பு மேடம், ஆழமா வெட்டுப்பட்டிருக்கு" என்றார், அவருக்கும் இப்போது சுவாரசியம் வந்துவிட்டது போல, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

தழும்பு... கல்லூரி இறுதியாண்டுக் கண்காட்சிக்கு நானும் என் கூட்டாளியும் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தோம், அவள் வாயை மூடாமல் யாரையோ நையாண்டி பண்ணிக்கொண்டே பிளேடை இழுத்தாள், இழுத்த இழுப்பில் கட்டைவிரல், ரத்தம் என்றால் அப்படி ஒரு ரத்தம், என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன், அழுதது நான், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரித்த மறுநாளே அதே விரலால் வண்ணத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். தூரிகையை அவள் மதித்ததே கிடையாது, விளிம்பு இளக வேண்டுமென்றால் கட்டைவிரல்தான், வாத்தியார் அவளைக் "கைநாட்டு" என்றுதான் கூப்பிடுவார். அடிப்பாவி. இந்தப் படிக்கட்டை வரைந்துகொண்டிருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போட்டது போட்டபடி குடும்பத்தோடு ஓடினேன், அன்று காலையில்தான் அந்த மூலையில் வெள்ளையைக் கனமாக அப்பியிருந்தேன், காய ஒரு வாரமாவது ஆகும். வீட்டுச் சாவி அவளிடம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற. செடிக்கு ஊற்றினாள், அப்புறம் என் படத்தின் முன்னால் நின்றிருக்கிறாள்... எவ்வளவு நேரம் நின்றாள்? விளக்கைப் போட்டுக்கொண்டா, ஜன்னல் வெளிச்சத்திலா? தொடலாமா வேண்டாமா என்று யோசித்தாளா, இல்லை கை தானாகப் போய்விட்டதா?

மாதக்கணக்கில் மண்டை காய்ந்த இடம் அது, வெளிச்சத்தின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது மாதிரி நின்றது, சுரண்டுவேன், அப்புவேன், மறுபடி சுரண்டுவேன். அப்பா தேறி எழுந்ததும் திரும்பி வந்து பார்த்தால் சரியாக இருந்தது. நான் என்ன நினைத்தேன், கண் ஓய்வெடுத்திருக்கிறது, அதனால் சரியாகத் தெரிகிறது என்று நினைத்தேன், மக்கு, மக்கு. அதோடு விட்டேனா, எங்கள் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் போன வாரம் பெரிய மேதை மாதிரிச் சொன்னேன், சில படங்களை விட்டுவிட்டுப் போகத் தெரியவேண்டும், திரும்பி வரும்போது அவை தாமே முடிந்திருக்கும்... நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது யார், அவள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், "இங்க முற்றுப்புள்ளியா, ஆச்சரியக்குறியா?" என்று மட்டும் கேட்டாள். கல்லுளிமங்கி. எனக்குக் கோபம் வரவேண்டும், என் படத்தில் கை வைக்க நீ யார் என்று, எங்கே அந்தக் கோபம், தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அந்த ஓரத்தில் அவள் என்னத்தைக் கண்டாள் என்றுதான் அரிக்கிறது. நான் நாள் முழுக்க முறைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்று, தண்ணீர் ஊற்ற வந்தவளுக்கு எப்படித் தெரிந்தது?

போன் பண்ணினேன். வீட்டில் உட்கார்ந்து, பிரதிகளைச் சுருட்டி வைக்கிற குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஸ்கேன்ல ஏதோ கைரேகை தெரியுதாம்டி, எடுத்துடவான்னு கேக்கறார்" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. ஸ்டிக்கர் உரிக்கிற சத்தம் நின்றது. யாரோடது என்று கேட்பாள் என்று நினைத்தேன், வேறு யாராக இருந்தாலும் அதைத்தானே முதலில் கேட்பார்கள். "மேல... அந்த ஓரத்துலயா?" என்றாள். நான் எந்த இடம் என்றே சொல்லவில்லை. ஆமாம் என்றேன். "எடுக்கச் சொல்லிடு. உன் படத்துல அது எதுக்கு." நான் கடைக்காரரைப் பார்த்தேன், அவர் கை மவுஸின் மேல் தயாராக இருந்தது. "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றேன், போனை வாயிலிருந்து எடுக்காமலே, அவளுக்குக் கேட்கட்டும் என்று. அந்தப் பக்கம் ரொம்பச் சின்னக் குரலில், "அப்ப நீ கையெழுத்துப் போடறப்ப நான் வரட்டுமா, வேண்டாமா?" வாடி, உடனே வா, என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வரட்டும். வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பேன், இல்லை, அதைக் கேட்கமாட்டேன், எப்படி அழுத்தினாய், மேலிருந்து கீழா, உள்ளிருந்து வெளியேவா, என்று கேட்பேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் வரைந்த எல்லாவற்றிலும் அந்த ஓரத்தைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன், பட்டுத்துணியால் தேய்த்து, தூரிகையால் நீவி, இப்போது என் படத்தைப் பார்த்தவுடனே இது நீங்க வரைஞ்சதுதானே என்கிறார்களே, அந்த இளகல்... கடைக்காரர் மாதிரிப் பிரதியை வெள்ளைக் கையுறையோடு தூக்கி வந்து என் முன்னால் வைத்தார், பென்சிலைக் கூர்மையாகச் சீவிக் கொடுத்தார், "ஓகேன்னா கீழ ஒரு கையெழுத்து, இதப் பாத்துதான் மத்ததெல்லாம் ஓட்டுவேன்." இருங்க சார், ஒரு நிமிஷம். எங்கள் கூட்டுக் கண்காட்சியில் ஒருவர் இரண்டு பேர் படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டுலயும் விளிம்பு ஒரே மாதிரி கரையுதே, யாரு யாரைப் பார்த்துப் பண்ணது என்று கேட்டார், அவள் முந்திக்கொண்டு, "நான்தான் இவளப் பார்த்து" என்றாள், சிரித்தாள், நானும் சிரித்தேன், பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு அடுத்த படத்திலிருந்து அவள் விரலை விட்டு, வண்ணம் அப்புகிற தகட்டுக் கத்திக்கு மாறிவிட்டாள், எல்லாம் நறுக் நறுக்கென்ற விளிம்புகள், என்னடி திடீரென்று என்றதற்கு, போர் அடிச்சுடுச்சு என்றாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். பென்சில் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இனிமேல் அவளாக ஆசைப்பட்டுக் கட்டைவிரலால் ஒரு விளிம்பைத் தேய்த்தாலும், பார்க்கிறவர்கள் என்னைப் பார்த்துச் செய்திருக்கிறாள் என்றுதானே சொல்வார்கள்.