பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிகப்பி மலாக்காவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று புருஷன் சொக்கப்பன் எங்கெங்கோ அழைத்துப் போனான். காஜா பேராங் சந்துகள், குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம், ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில், அதே தெருவில் பள்ளிவாசல். ஆற்றுப்பாலம் வந்தால் மட்டும் ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லிவிடுவான்.

"அங்கன ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லாத இடத்துக்குச் சாயங்காலமானால் தலைவாரிக்கொண்டு தனியாகப் போவானேன்? கொண்டுவிற்க, வட்டிக்கடை நடத்தப் போன ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களின் கதை அவள் கேட்டதுதான். பக்கத்து வீட்டில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற சிட்டி சனத்து அம்மாளிடம் விசாரிக்கலாமென்றால், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற அவளுக்கு மலாய்தான் வரும், தமிழ் வராது. ஊரிலிருந்து கப்பலிலும் அப்புறம் ரயிலிலுமாகச் சிகப்பியைக் கூட்டிவந்த அம்மான் வியாழக்கிழமை கப்பலேறுகிறார். அவரோடு ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே கிடந்து வெந்து சாவதா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அன்றைக்குப் பிள்ளையாரைக் கும்பிட்டு வெளியே வந்தால் தெரு கொள்ளாத கூட்டம். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவிக்கப் போகிறார்களாம். அத்தனை பேரும் பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

"நாமளும் போவோம்," என்றாள்.

சொக்கப்பன் முகம் வெளிறியது. "கூட்டத்துல எதுக்கு? வீட்டுக்கு வா."

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வாறேன்."

விறுவிறுவென்று நடந்தாள். "சிகப்பி, நில்லு!" என்று அவன் பின்னால் ஓடிவந்தான். அவள் பாலத்தில் கால் வைத்தாள். எந்த வாசலில் எவள் நிற்பாளோ, இடுப்பில் பிள்ளை இருக்குமோ! சிவப்புக் கட்டடங்களைக் கடந்தாள். திடல் முழுக்கத் தலைகள். தலைகளுக்கு அப்பால் கடல்.

சொக்கப்பன் பாய்ந்து வந்து அவள் கண்ணைப் பொத்தினான்.

"பாக்காத! கப்பல்ல வழிநெடுகக் கண்ணை மூடிக்கிட்டு அழுதியாமே, அம்மான் சொன்னாக. கடல் இவ்வளவு கிட்டக்க இருக்குன்னு தெரிஞ்சா அவரோடயே கிளம்பிருவியோன்னுதான்..."

சிகப்பி அவன் கையை விலக்கினாள். "சாயங்காலம் இங்கதான் வர்றீகளா?"

"ஆமா. காத்து வாங்க."

"தனியாவா?"

"வேற யாரு வருவா?" என்று விழித்தான்.

பாவி மனுஷன், இதற்காகவா ஒரு மாதமாக அவள் சோற்றில் கைவைக்க முடியாமல் தவித்தாள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கடலைப் பார்த்தால் இப்போதும் குலைநடுங்கத்தான் செய்தது. அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மானைத் தனியாப் போகச் சொல்லுங்க. நாளையிலேருந்து நானும் இங்க வாறேன்," என்றாள். "கடலுக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிறேன்."