மணியின் நா

வாடை புகுந்த பருவம் அது. கார்காலம் தன் பெரும்பேச்சையெல்லாம் பேசி ஓய்ந்துவிட்டிருந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த கலம்போல் வெறுமையாய்க் கிடந்தது. இலையுதிர்ந்த மரங்களில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமையால், காற்று கதவிடுக்குகளைத் தேடி வந்து தன் மெலிந்த குரலை அங்கே வைத்தது. பகல் சுருங்கிற்று. உயிர்கள் தத்தம் கூட்டில் ஒடுங்கும் இக்காலத்தில்தான் ஓசைகள் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே நடந்துவரும் என்பார் என் கணவர். ஆண்டுதோறும் முதல் வாடையன்றே, சன்னலிடுக்கில் எழும் ஊதலோசை தாளாமல், பழந்துணியைக் கிழித்துத் திணிப்பார். சென்ற ஆண்டு திணிக்கவில்லை. இந்த ஆண்டும் இல்லை. ஊதல் நாளெல்லாம் எங்கள் கூடத்தில் நின்றது. நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெண்ணிறப் பீங்கான் குமிழ்களைச் செய்யும் ஆலையில் அவருக்கு வேலை. சூளையிலிருந்து ஆறி வருபவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, சிறு மரச்சுத்தியால் ஒருமுறை தட்டிக் கேட்க வேண்டும். பழுதற்றது கணீரென்று ஒலித்து, அவ்வொலி நெடிது நின்று மெல்லத் தேயும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ஓசையின் வால் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அவ்விரிசலை முப்பத்தோராண்டு செவியால் பிரித்தவர். ஆலையில் அவருக்குக் ‘காதுக்காரர்’ என்றே பெயர்.

வீட்டில் அச்செவிக்கு உணவு, தாமே கூட்டிய ஓர் ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டியில் அடைத்த ஸ்பீக்கர்களும். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள், பாட்டு மங்கிவிட்டது என்றார். அதனுள் மின்சாரத்தைத் தேக்கிவிடும் கண்டன்சர் என்ற சிறு உறுப்பு கிழடாகிவிட்டதாம். அவரை விதையளவில் புதிதொன்றை வரவழைத்து, பழையதை ஈயம் உருக்கும் சூட்டுக்கோலால் பெயர்த்துப் புதியதைப் பற்றவைத்தார்.

“இப்பக் கேளு. திரையை விலக்கின மாதிரி இல்ல?”

“எனக்கு நேத்து மாதிரிதான் இருக்கு.”

“உனக்கு என்ன தெரியும்? நாற்பது மணி நேரம் பாடினாத்தான் அது பழுக்கும்.”

“பழுக்கறதுக்கு அது என்ன, பழமா?”

ஒரு வாரம் மலர்ந்திருப்பார். மறுவாரம் மறுபடியும் மங்கல்; மறுபடியும் ஒரு சிறு காகித உறை. கண்டன்சர் முடிந்து ஃபியூஸ், ஃபியூஸ் முடிந்து கம்பி என மாற்றத்தக்கவை எல்லாம் மாறின. பின்பு பழி என் பூசைமணிமேல் விழுந்தது; அதன் ஒலி செத்துவிட்டதென்றார். சாம்பலிட்டுத் தேய்த்தேன். கடைசியில் என் பதிகத்துக்கு வந்தார். “உன் குரலும் முன்ன மாதிரி இல்ல. நுனி தேஞ்சு போச்சு.” நாற்பதாண்டு இறைவன்முன் பாடிய குரல். அச்சொல் முள்ளாய் ஏறியது. நான் அதை எடுக்காமல் வளர்த்தேன்.

என் தம்பி அதே ஆலையில் மேற்பார்வையாளன். கண்டன்சரைச் சொல்லி அத்தானைச் சீண்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. “செருப்பு மாத்தினா நடை மாறும்னு சொல்லுங்க அத்தான், நம்பறேன். இந்தப் பொட்டளவு சாமானை மாத்தினா பாட்டு மாறுமா?” என்பான். ஆனால் இவ்வாண்டு வாடை தொடங்கிய மாதம் அவன் சிரிக்காமல் என்னிடம் வந்தான். காதுக்காரர் கைபட்டுத் தேறிய குமிழ்களில் விரிசல் கண்டு மூன்று திரும்பிவந்திருந்தன; ஒன்று கம்பத்திலேயே வெடித்து, கம்பியாளின் உள்ளங்கையைத் தீய்த்துவிட்டது.

“அத்தான் காது போச்சுக்கா. சொன்னா ஒத்துக்கமாட்டார். தொழிற்சங்கச் செயலாளர் கண்ணால பார்க்காம அவரை அந்த நாற்காலியிலேருந்து எழுப்பவும் முடியாது. ஆலையில வச்சுச் சோதிச்சா அசிங்கம். வீட்டுல, கண்டன்சர் பந்தயம்னு சொல்லுவோம். நீ பெட்டிக்குப் பின்னால உட்காரு. ஒரு விரல் காட்டினா பழசு, ரெண்டு காட்டினா புதுசு; சுவிட்சைத் தள்ளினாப் போதும். மூணு காட்டினா மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கர் கம்பியை உருவிடு.”

“பாட்டே நின்னுடுமே?”

“நிக்காது. உச்சத்துல ஒலிக்கிற மெல்லிசான சத்தம்தான் அதுலேருந்து வரும். தாளம் மட்டும் போகும்.”

அறியாமல் செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. அறிந்தே உடன்பட்டேன். கம்பியாளின் கை ஒரு காரணம். தேய்ந்தது என் குரலன்று என்று ஒருமுறையேனும் நிறுவிவிடும் வேட்கை மற்றொன்று; எது பெரிது என்று இறைவனுக்குத் தெரியும்.

விடுமுறைநாள் முற்பகலில் தம்பியும் செயலாளரும் வந்தனர். பந்தயம் என்றதும் என் கணவர் முகம் மழித்து, துவைத்த சட்டை அணிந்து, இசைத்தட்டை மென்துணியால் இருமுறை துடைத்து வைத்திருந்தார். நாற்காலியை அளந்து போட்டார். பெட்டிகளின்மேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். விரிப்பின் ஓரத்து இடைவெளியில் தம்பியின் கை எனக்குத் தெரிந்தது. வெண்கலக் கைத்தாளம் இடையறாது ஒலிக்கும் பழைய துதிப்பாடல் ஒன்று சுழலத் தொடங்கியது.

ஆறு முறையும் தம்பி ஒரே விரலைத்தான் காட்டினான். நான் எதையும் தொடவில்லை. அவரோ மூன்று முறை, “இது புதுசு! குரலுக்குக் காத்து வந்துடுச்சு பாருங்க” என்றார். செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதோடு நின்றிருந்தால், குடும்பத்தில் காலமெல்லாம் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாகியிருக்கும்.

மூன்று விரல்கள் எழுந்தன. கம்பியை உருவினேன்.

அவையிலிருந்து தாளக்காரரை யாரோ கைப்பற்றி வெளியேற்றிவிட்டாற்போல் அவ்வொலி அற்றுப்போனது. பாடல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அப்போது என் கணவர் முகத்தில் விரிந்த மலர்ச்சியை விரிப்பின் ஓரத்தில் கண்டேன். வலக்கை ஆள்காட்டி விரல் உயர்ந்து அசைந்தது.

“இதுதான்! இதுதான் புதுசு. தாளத்தைக் கேளுங்க, பனித்துளி மாதிரி ஒவ்வொண்ணா விழுது!”

விரல், தாளம் விழவேண்டிய இடங்களிலெல்லாம் பிழையின்றி விழுந்தது. அங்கே தாளம் இல்லை. செயலாளர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தம்பி மட்டும் பாடல் முடியும்வரை பொறுத்திருந்து, எழுந்து விரிப்பை இழுத்தான்.

“தாளமே இல்ல அத்தான். அக்கா கம்பியை உருவி அஞ்சு நிமிஷமாச்சு.”

அவர் அவனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். கம்பி இன்னும் விரல்களுக்கிடையே இருந்தது.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?” என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டு குளிர்காலமா,” என்றேன்.

தலையசைத்தார். தம்பி சட்டைப்பையிலிருந்து வேலைமாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் தாளை எடுத்து விரித்தான். “பேக்கிங்ல போட்டுடலாம். வைக்கோலைச் சுத்தறதுக்குக் காது எதுக்கு?” என்றான். நகைச்சுவையால் சூழலை இலேசாக்குவதாக அவன் எண்ணியிருக்கக்கூடும். செயலாளர், “சும்மா இரு தம்பி” என்று தரையை நோக்கிச் சொன்னார். என் கணவர் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, செயலாளரின் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டு, மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் போனதும் சூட்டுக்கோலைக் காயவைத்தார். என் கையிலிருந்த கம்பியை வாங்கி, அது இருந்த இடத்திலேயே பற்றவைத்து, ஈயம் ஆறும்வரை ஊதிக்கொண்டிருந்தார். பாட்டைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தியில் விளக்கேற்றினேன். பதிகத்தைத் தொடங்கினேன்; குரல் பாதியில் உடைந்தது, ஒட்டவைத்துக்கொண்டு முடித்தேன். அவர் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தார். முன்பெல்லாம் கண்மூடியிருப்பார், மணியோசை எழுந்ததும் தலை தாழும். அன்று கண்ணைத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நினைவு வந்தது, இரண்டு குளிர்காலமாக அவர் அப்படித்தான் அமர்ந்திருந்தார்.

மணியை எடுத்தேன். அதன் நாவை இரு விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டேன். அவரை எட்டாத ஒலி எனக்கும் வேண்டாம் என்று மட்டுமே அந்நேரம் வேண்டத் தோன்றியது. ஒலியற்ற மணியை மும்முறை அசைத்தேன். சன்னலிடுக்கில் காற்று ஊதியது. அவர் தலை தாழ்ந்தது.

பின்பு எழுந்து வந்து, குனிந்திருந்த என் உச்சியில் கை வைத்தார். ஈயத்தின் மணம் இன்னும் அந்தக் கையில் இருந்தது.

“மணி இன்னைக்கு ரொம்பச் சுத்தமா இருந்துது,” என்றார். “நூறு வருஷம் நல்லா இரும்மா.”