அண்ணைக்குப் பக்கத்துக் கதிரை

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். எழுதினால் என் கையே சிரிக்கும். பொறாமைதான். வயிறு பற்றி எரிகிற பொறாமை. அதுவும் வெளியில் யார் மீதோ இல்லை, ஒரே பானைச் சோற்றைத் தின்கிற ஆள் மீது.

என் பெயர் சாருஜா. இருபது வயது. வல்வெட்டித்துறையில் கடலுக்கு நாலு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. அப்பா முன்பு கடலுக்குப் போனவர், இப்போது முதுகு நோவோடு கரையில் இருக்கிறார். அண்ணை நிருஷன் படகு மெசின் திருத்துகிறார். எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தது இந்தியக் கிரிக்கெற் அணி. முன்வீட்டு லக்சன் இலங்கைக்குக் கத்துவான், நாங்கள் இந்தியாவுக்குக் கத்துவோம். மறுநாள் ஒழுங்கையில் கண்டால் தோற்ற பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போகும்.

மட்ச் நாளில் எங்கள் வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. ஒரு சிக்ஸ் போகும்போது யார் எப்படி இருந்தார்களோ, அடுத்த விக்கெற் விழும்வரை அப்படியே இருக்கவேண்டும். காலுக்கு மேல் கால் போட்டிருந்தால் இறக்கக்கூடாது. ஒருமுறை அம்மா உடுப்பு மடிக்கத் தொடங்கியதும் இந்தியா அடிக்கத் தொடங்கிவிட்டது. மடிக்க வேறு உடுப்பு இல்லாமல், மடித்ததையே குலைத்துத் திரும்பத் திரும்ப மடித்தார். அன்றைக்கு வென்றோம். இந்தச் சட்டங்களில் மிகப் பழையது, அண்ணைக்கு வலப்பக்கத்துக் கதிரை என்னுடையது என்பது. ஏழு வயதிலிருந்து அதில் உட்கார்ந்துதான் மட்ச் பார்க்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணைக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு ஊர் உடுவில், பெயர் அருந்ததி. எனக்கு மச்சாள். நேரில் “மச்சாள், நீங்கள்” என்பேன். மனதுக்குள் “அவள்”தான்.

வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, மீனை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றே தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். வந்து மூன்றாம் நாள் ஒரு நண்டுக்கறி வைத்தாள். பல்லு முளைத்த நாளிலிருந்து நண்டு தின்கிற என் அப்பா, சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, “பிள்ளை, நாளைக்கும் நண்டு வாங்கட்டோ?” என்று கேட்டார். அம்மா அடுப்பையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் குசினித் தட்டெல்லாம் அவள் அடுக்கினபடிதான்.

அண்ணை என்னை ஒதுக்கிவிட்டார் என்று சொன்னால் பாவம். மட்ச் என்றால் இன்னும் “சாருஜா, கெதியா ஓடிவா” என்றுதான் கூப்பிடுவார். ஆனால் தட்டில் வடை வந்ததும், அதைக் கடித்தபடி குசினிப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஓவர் நடுவில் யாராவது குசினியைப் பார்ப்பார்களா? அந்தச் சிரிப்பைக் காணும்போதெல்லாம் கடித்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணை சொன்னார், “இந்த வீட்டிலை இனிச் சமையல் எண்டா அருந்ததி, கத்துறது எண்டா சாருஜா.”

“உவளுக்குச் சுடுதண்ணி வைக்கவும் ஆள் வேணும்” என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“வாற ஞாயிறு மட்ச் அண்டைக்குக் கூழ் நான்தான் காச்சுவன்” என்றேன். “ஒருத்தரும் குசினிக்கை எட்டிப் பாக்கக்கூடாது. மச்சாள், நீங்களும்தான்.”

“ஓம்” என்றாள் அவள்.

என் கணக்கு எளிமையானது. மட்ச் மூன்றரைக்குத் தொடங்கும். முதல் பாதியைக் கதிரையில் இருந்து பார்ப்பது. இடைவேளையில் கூழை முடிப்பது. இரண்டாம் பாதிக்குக் கூழோடு வந்து என் கதிரையில் இருப்பது. அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பாமல் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் நானே கரைக்குப் போய் நண்டும் இறாலும் ஒரு பெரிய மீன் தலையும் வாங்கிவந்தேன். பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் வெட்டிவைத்தேன். இனி மாதான். கூழுக்கு ஒடியல் மா வேண்டும். பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்து இடித்த மா அது. தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற நீரை ஊற்றிவிட்டால் கைப்புப் போகும். பிறகு கொதிக்கிற கூழில் கரைத்துவிட்டால் தடிக்கும். இவ்வளவையும் போனில் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

குசினித் தட்டில் ஒரே மாதிரி இரண்டு பால்மா ரின்கள். இரண்டிலும் மங்கல் நிறத்தில் மா. ஒன்றைத் திறந்து மூக்கருகில் வைத்து மணந்தேன், மற்றதையும் மணந்தேன். இரண்டிலும் பனை மணம்தான். அவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள், யன்னலால் கூப்பிட்டால் போதும். செத்தாலும் கேட்கமாட்டேன். முன்னால் இருந்த ரின்னை எடுத்து ஊறவைத்தேன்.

எதிர்ப்பக்கம் முதலில் ஆடி நூற்றி எழுபத்தெட்டு அடித்தது. இடைவேளையில் குசினிக்குள் ஓடினேன். கேஸ் அடுப்பில் பெரிய பானையை ஏற்றி எல்லாவற்றையும் போட்டேன். நண்டு அவிய நேரம் எடுக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பானை கொதிக்குமுன் இந்தியா ஆடத் தொடங்கிவிட்டது. முன்னறையில் ஒரு கூச்சல், சிக்ஸ். இன்னொரு கூச்சல், நாலு. கரண்டியோடு ஓடிப்போய் வாசலில் எட்டிப் பார்த்தேன். விக்கெற் விழுந்தது.

திரும்ப உள்ளே வந்து செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துவிட்டேன். திரும்பவும் ஒரு சிக்ஸ். பொறுக்காமல் எட்டிப் பார்த்தேன். அடுத்த விக்கெற்.

அப்பா கையை நீட்டித் தடுத்தார். “பிள்ளை சாருஜா, நீ வெளியிலை வராதை. நீ குசினிக்கை நிண்டாத்தான் உவங்கள் அடிக்கிறாங்கள்.”

“ஓமடி, உள்ளுக்கை போ” என்று அண்ணையும் சொன்னார். ரீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்கு முதுகுக்குப் பூசும் எண்ணெயைக் கொண்டுவந்தாள். வாங்கப் போனவர், இன்னொரு நாலு பறந்ததும் கையை அப்படியே நிறுத்திவிட்டார். “பிள்ளை அருந்ததி, உந்தக் கதிரையிலை இரு. அசையாதை.”

அது என் கதிரை. அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். இந்தியாவுக்காகத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு மணி நேரமாக விக்கெற்றே விழவில்லை. சந்தோசப்படவேண்டியவள், ஒவ்வொரு நாலுக்கும் பல்லைக் கடித்தேன். நான் இல்லாமல், அவள் என் இடத்தில் இருக்க, இந்தியா அடிக்கிறது. ஒரு விக்கெற் விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறை அப்படி நினைத்தேன், அதற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்குள் கூழ் என்னைக் கைவிட்டது. மாவைக் கரைத்துவிட்டுக் கிண்டினேன், கிண்டினேன், தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னும் மா போட்டேன். தடிக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிக்குள்ளும் உறைப்புக்குள்ளும் ஒரு அசட்டு இனிப்பு. கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தேன். சத்தம் முன்னறைக்குக் கேட்டிருக்கவேண்டும்.

குசினி வாசலில் அவள் வந்து நின்றாள். அதே நொடியில் முன்னறையில் “ஐயோ” என்று ஒரு சத்தம். விக்கெற். “ஆர் எழும்பினது?” என்று அப்பா கத்தினார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பானையைப் பார்த்தாள். “சாருஜா, எந்த ரின்னிலை மா எடுத்தனீர்?”

காட்டினேன்.

“அது புழுக்கொடியல் மா. அவிச்ச கிழங்கு. மாமா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுறதுக்கு உடுவிலிலை இருந்து எங்கடை அம்மா தந்துவிட்டவ. அது தடிக்காது.” மற்ற ரின்னை எடுத்தாள். “ஒடியல் மா இது. ஊறவிட நேரமில்லை, ரெண்டு மூண்டு தரம் அலசி விட்டுப் பாப்பம். கொஞ்சம் கைக்கும், பறவாயில்லை. நீர் போய் இரும். கடைசி ஓவர்.”

நன்றி சொல்லவில்லை. முன்னறையிலிருந்து அப்பா, “கதிரை சும்மா கிடக்கக்கூடாது, கெதியா வந்து இரு” என்று கத்தினார். ஓடினேன்.

பொழுதுபட்டு அறை இருட்டாகக் கிடந்தது. லைற் போட்டால் விக்கெற் விழும் என்று யாரும் போடவில்லை. அப்பாவும் அம்மாவும் அண்ணையும் ரீவியை விழுங்குவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பந்துக்குப் பதினொரு ஓட்டம். நான் என் கதிரையில் போய் இருந்தேன். முதல் பந்து, நாலு.

அண்ணை என் கையைப் பிடித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு உச்சி குளிர்ந்தது. குசினி பின்னால் கிடந்தது, அண்ணை இந்தப் பக்கம் இருந்தார். அடுத்த பந்தில் ஓட்டம் இல்லை. அதற்கடுத்ததில் இரண்டு. நாலாவது பந்து வீணாய்ப் போனது. களத்தில் ஆட்களை மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ரீவியைப் பார்த்தபடியே அண்ணை மெதுவாகச் சொன்னார், “பாத்தீரே, நீர் திரும்பி வந்து இருந்த உடனை நாலு.”

என்னோடு அண்ணை ‘நீ’ என்றுதான் கதைப்பார். என்னை அவள் என்று நினைத்துக் கதைக்கிறார்.

“கூழ் எப்பிடி இருந்தாலும் நல்லம் எண்டு சொல்லும் என்ன. அவளுக்கு உம்மிலை எரிச்சல், எனக்கு விளங்குது. நான் செல்லம் குடுத்து வளத்தது. உந்தக் கதிரையை அருந்ததிக்கு விடு எண்டு அவளிட்டைக் கேக்க எனக்கு ரெண்டு மாசமா வாய் வரேல்லை. இண்டைக்காவது கிடைச்சுது.”

கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் அண்ணை எனக்குப் பயந்து இரண்டு மாதம் வாய் மூடி இருந்திருக்கிறார். கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேன், அதுவும் உண்மை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அவருக்கு அது தெரியும்.

கையை உருவிக்கொண்டு எழும்பினேன்.

“எழும்பாதை” என்றார் அப்பா. “ரெண்டு பந்துக்கு அஞ்சு.”

அண்ணை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நான் உள்ளே போனேன்.

அவள் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கூழ் தடித்து, சரியான நிறத்துக்கு வந்திருந்தது. எத்தனை நிமிடம் ஆகியிருக்கும், மூன்று? நாலு? அதுவும் எனக்கு எரிந்தது.

“மச்சாள், அண்ணை உங்களை வரச் சொன்னவர்.” பொய். “கதிரை சும்மா கிடக்குது.”

“அப்ப நீர்?”

“நான் இஞ்சை நிண்டாத்தானே அவங்கள் அடிக்கிறாங்கள். போங்கோ, ரெண்டு பந்துதான் கிடக்கு.”

கரண்டியை என் கையில் தந்தாள். கையைத் துடைத்தாளோ இல்லையோ, ஓடினாள். நான் அவளை ஓடிக் கண்டதே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி, நீளச் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அடுப்பை அணைத்தேன். முன்னறையில் சத்தமே இல்லை. பிறகு ஒரே நேரத்தில் ஒரு பெருங்கூச்சல். அண்ணையின் குரலும் அவள் குரலும் ஒன்றாகத்தான் கேட்டன, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அவளுக்கு இப்படிக் கத்தத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நாலா, சிக்ஸா, வென்றோமா, இன்னும் ஒரு பந்து இருக்கிறதா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நடுவில் சுவர்.

இரண்டு மாதமாக அவள் இந்த இடத்தில் நின்றுதான் அண்ணையும் நானும் கத்துவதைக் கேட்டிருக்கிறாள். என்ன நடந்தது என்று ஒருநாளாவது நான் உள்ளே வந்து அவளுக்குச் சொன்னதில்லை.

யாராவது வந்து சொல்லுவார்கள் என்று கரண்டியோடு நின்றேன்.