ஐந்து நிமிட நீலம்

ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்கள் அந்த டாக்டருக்கு வைத்திருந்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. நல்ல சர்ஜன்தான், கைராசிக்காரர்தான். ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பதினோரு வருடமாக அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தே சிஸ்டருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

அன்று மேஜையில் மயக்கத்தில் கிடந்தவள் ஒரு தையல்காரி. மார்பில் புற்றுநோய்க் கட்டி. மயக்க மருந்து ஏறும்முன் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கை வீங்காம பாத்துக்கோங்கக்கா. வலது கை போச்சுன்னா என் மிஷினும் போச்சு" என்றிருந்தாள்.

அதற்குத்தான் நீலச் சாயம். ஊசியால் மார்பில் செலுத்தி ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டால், அது அக்குளுக்குப் போய் நோய் பரவினால் முதலில் எட்டும் நிணநீர் முடிச்சைக் காட்டிக்கொடுக்கும். அதில் நோய் இல்லையென்றால் மற்ற முடிச்சுகளைத் தொடவே வேண்டாம். அது கிடைக்காவிட்டால் எல்லா முடிச்சுகளையும் வழித்தெடுக்க வேண்டும். அப்புறம் கை வீங்கினால் வீங்கியதுதான்.

சிஸ்டர் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"போதும், போதும். மாவா பிசையுறீங்க? கத்தி குடுங்க."

எரிச்சலோடு கொடுத்தாள். அவர் அக்குளைத் திறந்து தேடினார், தேடினார், மஞ்சள் கொழுப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"சாயமே சரியில்ல. எவன் வாங்கினானோ! மொத்தமா எடுத்துடலாம்."

"சாயம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். ரெண்டு நிமிஷம்தான் தேய்ச்சோம்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. கத்திரி!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திரியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, கையுறை போட்ட கையால் மார்பை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்ன சிஸ்டர் இது?"

"மூணு நிமிஷம் பாக்கி இருக்கு டாக்டர்."

மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எக்ஸ்பிரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது நிமிடம் முடியும்போது கொழுப்புக்குள் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு தெரிந்தது. அதன் முனையில், பயறளவில், நீல முடிச்சு.

அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் மார்புக் கட்டியை எடுத்து முடிப்பதற்குள் பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. முடிச்சில் நோய் இல்லை. மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன.

வெளியே தையல்காரியின் கணவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சாயம் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு. நான் விடல" என்றார் டாக்டர்.

பின்னால் நின்ற சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆபரேஷனுக்குக் கருவிகளை அடுக்க உள்ளே போனாள்.

அடுத்த நோயாளிக்குச் சாயம் ஏற்றியாயிற்று. கடிகாரம் இரண்டாவது நிமிடத்தைத் தாண்டியது.

"போதும், போதும். கத்தி!"

சிஸ்டர் கையை எடுக்கவில்லை. கருவித் தட்டை அவருக்கு எட்டாத பக்கமாக முதலிலேயே தள்ளி வைத்திருந்தாள்.